கொமடோர் 64 உண்மையிலேயே அவ்வளவு நல்ல கணினியா, இல்லை பழைய பாசத்தில் கொண்டாடுகிறார்களா?

பாசமும் உண்டு. ஆனால் விலையைப் பாருங்கள்: 1982-இல் 64 கிலோபைட் நினைவகத்தோடு 595 டாலர். அதே நினைவகத்தோடு அடுத்த ஆண்டு வந்த ஆப்பிள் 2இ 1,395 டாலர். சிப் செய்யும் மாஸ் டெக்னாலஜியே கொமடோரின் கையில் இருந்ததால் இந்த விலை கட்டுபடியானது.

இந்தக் கணினியின் உயிர் சிட் என்ற ஒலி சிப்தான். வடிவமைத்த பாப் யானஸ், மின்னணு இசைக்கருவியான சின்தசைசரின் பிரியர். மற்ற பல கணினிகள் பீப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது மூன்று குரலில் பாடியது, ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரோடு. அதிலும் ஒரு குறை: ஒலியளவை மாற்றினால் 'டிக்' என்று சத்தம் வரும். நிரலாளர்கள் விடுவார்களா? நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஒலியளவை மாற்றி, அந்த டிக்குகளை வைத்தே மனிதக் குரலையும் டிரம் சத்தத்தையும் வரவழைத்தார்கள். பின்னாளில் 8580 என்ற திருத்திய சிப் வந்தது. குறை சரியானது, டிக்கை வைத்துச் செய்த அந்தக் குரல்களும் கிட்டத்தட்டக் கேட்காமல் போயின!

இவ்வளவு திறமையான சிப்புகளுக்கு வாய்த்த பேசிக் நிரல்மொழியோ கொமடோரின் பழைய பெட் கணினிக் காலத்துச் சரக்கு. கோடு போட, ஸ்வரம் எழுப்ப ஒரு கட்டளைகூடக் கிடையாது. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க 'போக் 53280,0' என்று அடித்து, 53280 என்ற முகவரியில் நாமே 0-வை எழுத வேண்டும். எனக்கு இன்றும் விரல் நுனியில் இருக்கும் எண் இது. கொமடோரின் கஞ்சத்தனம், வேறென்ன சொல்ல?

அப்புறம் 1541 டிஸ்க் டிரைவ். அதற்குள்ளேயே தனியாக ஒரு செயலி உண்டு, இருந்தும் நொடிக்குச் சுமார் 400 பைட்தான் வரும். முந்தைய மாடலான விக்-20-இல் ஒரு சிப்பில் இருந்த பிழையால், டிரைவுக்கும் கணினிக்கும் இடையே ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே தள்ளிவிடும்படி ஆனது, அதே முறை இதற்கும் தொடர்ந்தது. கொமடோர் 64-இல் படம் வரையும் சிப் அவ்வப்போது செயலியை நிறுத்தி வைக்கும் என்பதால் வேகத்தை இன்னும் குறைத்தார்கள். ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். வேகமாக ஏற்றித்தரும் கார்ட்ரிட்ஜ்கள் சக்கைப்போடு போட்டது இதனால்தான்.

இப்போது பழையது ஒன்றை வாங்கும் யோசனை இருந்தால், கூடவே வரும் பவர் சப்ளையைச் செருகிவிடாதீர்கள். உள்ளே எபாக்ஸி பிசின் ஊற்றி அடைத்த பெட்டி அது, சூடாகிச் சாகும். சாகும்போது 5 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் எகிறி, நினைவக சிப்புகளையும் கொன்றுவிடும். புதிதாகச் செய்து விற்கும் சப்ளை ஒன்றை முதலில் வாங்குங்கள், கணினியைப் பிறகு பார்க்கலாம்.