கனடாவில் குளிருக்குப் போடும் இரட்டைச் சுவரும் இன்சுலேஷனும் தண்டையார்பேட்டையில் கட்டும் வீட்டுக்கு உதவுமா? ஏஏசி கல் (உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) போடலாமா?

வடசென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீடு கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். என் அத்தை மகன் டொராண்டோவில் செங்கல் வேலை எடுக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். போனில் பேசினால் முதல் ஐந்து நிமிஷம் குடும்பக் கதை, மிச்சமெல்லாம் இந்தப் பேச்சுதான்.

சுருக்கமாகச் சொன்னால், அங்கே சுவருக்குச் செய்வதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை. அந்தக் காசை மொட்டைமாடித் தளத்தின் மேல் போடுங்கள்.

அவர்களுக்குக் கட்டும்போதே தலைவலி ஆரம்பித்துவிடும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். இறுகாத கலவைக்குள் அது நடந்தால் கலவை உள்ளேயே நொறுங்கிப்போகும். உறையாவிட்டாலும், 4, 5 டிகிரிக்குக் கீழே போனால் சிமென்ட் இறுகுவது மிகவும் மந்தமாகிவிடும். அதனால் தண்ணீரையும் மணலையும் சூடுபண்ணிக் கலக்கிறார்கள். தார்ப்பாயில் கூடாரம் போட்டு உள்ளே ஹீட்டர் வைக்கிறார்கள். பனி படிந்த கல்லை எடுத்து வைக்கவே கூடாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் புதுச் சுவருக்குக் கனமான போர்வை. சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலப்பதையும் அனுமதிப்பதில்லை, உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்.

"மச்சான், நீ கோணி நனைக்கிற, நான் கம்பளி போத்துறேன், அவ்ளோதான்" என்பான். சரியாகத்தான் சொல்கிறான். அங்கே கலவைத் தண்ணீர் உறைகிறது, இங்கே ஓடிவிடுகிறது. சித்திரை வெயிலும் கடல் காற்றும் ஒரு பக்கம் இழுக்கும், காய்ந்த செங்கல் இன்னொரு பக்கம் உறிஞ்சும். செங்கலைத் தொட்டியில் போட்டால் குமிழி குமிழியாக வரும். அது அடங்கியதும் எடுத்து, மேல் ஈரம் வற்றியபின் வைக்க வேண்டும். பைப்பைப் பிடித்துக் குவியல் மேல் பீய்ச்சிவிட்டு "நனைச்சாச்சு சார்" என்றால் நம்பாதீர்கள். ஏஏசி கல்லுக்கு இந்தக் குளியல் கூடாது, லேசாக ஈரம் தெளித்தால் போதும்.

கியூரிங், அதாவது கட்டியதைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பது, குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் 10 நாள். எந்தத் தண்ணீரில் என்பதுதான் நம் ஏரியாவில் முக்கியம். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, விரலால் தொட்டாலே உதிரும். கம்பி துருப்பிடிப்பது அதைவிட மோசம்.

இனி இன்சுலேஷன். டொராண்டோவில் ஜனவரியில் வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே மைனஸ் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரி வித்தியாசம், ராப்பகலாக, நாலு பக்கமும். அதனால்தான் வெளியே ஒரு வரிசைச் செங்கல், பின்னால் காற்றுக்கு இடைவெளி, அப்புறம் இன்சுலேஷன் பலகை, உள்ளே அசல் சுவர். இடைவெளிக்குள் இறங்கும் மழைநீர் வடிய அடி வரிசையில் சின்னச் சின்னத் துளை.

நமக்கு வெயில் தலைக்கு மேலிருந்து வருகிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளையில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைத் தடுக்க லாயக்கில்லை. பகலெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி படுக்கும் நேரத்தில் உங்கள் மேல் கக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் எந்தச் சுவர் போட்டும் பயனில்லை, மேலே வெறும் தளம் இருந்தால்.

ஜார்ஜ் டவுனில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இடிபடும்போது நின்று பாருங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் குத்துச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு. கீழடுக்கை விடுங்கள், மேல் இரண்டும் இன்றைக்கும் கான்கிரீட் மேல் போடலாம். ஜல்லி சுண்ணாம்பு மூணு நாலு அங்குலம், வாட்டம் பார்த்து. கையில் பணம் இருந்தால் அதற்கு அடியில் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை). மேல் ஓடு வெள்ளையாக இருக்கட்டும். தளத்துக்குக் கீழே தெர்மோகோல் சீலிங் அடிப்பது எனக்குப் பிடிக்காது. தளம் காய்ந்துகொண்டேதான் இருக்கும்.

சுவரில் மேற்குப் பக்கத்தை மட்டும் கவனியுங்கள். அரை கிரவுண்டில் இடம் மிச்சம்பிடிக்க எல்லாப் பக்கமும் நாலரை இன்ச் கட்டுகிறார்கள். மேற்கில் அது வேண்டாம். 8 இன்ச் ஏஏசி போட்டால் 9 இன்ச் செங்கலைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் தடுக்கும். ஆனால் கடற்கரையோரம் என்பதால் வெளிப்பூச்சு விரிசல் விடாமல் பார்க்க வேண்டும், அந்தக் கல் ஈரம் குடிக்கும். ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லில் வெப்ப விஷயத்தில் பெரிய லாபமில்லை. பக்கத்து வீடு மேற்கில் ஒட்டி நின்றால், நம் தெருக்களில் பெரும்பாலும் அப்படித்தான், செலவே வேண்டாம்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். பலகை, ஜல்லி, ஓடு மூன்றும் சேர்ந்தால் மாடித்தரை அரை அடிக்குமேல் உயரும். மாடிப்படி அறையின் வாசற்படியையும் மழைநீர்க் குழாய் வாயையும் அதற்கேற்ப உயர்த்தி வைக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் யோசித்தால் ஐப்பசி மழை படி வழியாக வீட்டுக்குள் இறங்கும்.