புள்ளி வண்டா, பொறிவண்டா? கேள்வி பதில்

மேலூர்: ஐயா, கத்தரியில சிவப்பு வண்டு, முதுகில கறுப்புப் புள்ளி. பொறிவண்டுன்னு விட்டுட்டேன். இப்ப இலையெல்லாம் சல்லடை.

பதில்: அது எபிலாக்னா, இலை தின்னும் வண்டு. புள்ளியை எண்ணாதீர்கள், வண்டை வெயிலில் சாய்த்து முதுகைப் பாருங்கள். நன்மை செய்யும் பொறிவண்டு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். எபிலாக்னா மங்கிய செம்பு நிறம், முதுகெல்லாம் பூனைமுடி. புழுவில் சந்தேகமே வராது: எபிலாக்னா புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைத்த முள். பொறிவண்டுப் புழு கருஞ்சாம்பல், குட்டி முதலை போல இருக்கும். இலையடியில் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் விடுவது எபிலாக்னாதான்.

காலையில் சோப்புத் தண்ணீர் வாளியைப் பிடித்துச் செடியைத் தட்டுங்கள், வண்டு உதிரும். முட்டையும் புழுவும் உள்ள இலையைக் கிள்ளி அழியுங்கள். கரும்பழுப்பாகி விறைத்து ஒட்டியிருக்கும் புழுவை மட்டும் விடுங்கள். உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது.

வாடிப்பட்டி: பூசணியில ஆரஞ்சு வண்டு, புள்ளியே இல்லை.

பதில்: பூசணி வண்டு, இலை வண்டுக் குடும்பம். உடம்பு நீளவாக்கு, உணர்கொம்பு நூல்போல நீளம். பொறிவண்டுக்குக் கொம்பு குட்டை, நுனி தடிப்பு. இது மண்ணில் முட்டையிடும், புழு வேரைத் தின்னும். அறுவடை முடிந்ததும் உழுதுவிடுங்கள்.

உசிலம்பட்டி: 28 புள்ளி இருந்தா எபிலாக்னா, அவ்வளவுதானே?

பதில்: 12 புள்ளி எபிலாக்னாவும் உண்டு. எண்ணாதீர்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள்.

திருமங்கலம்: எபிலாக்னாவும் பொறிவண்டுக் குடும்பம்னு படிச்சேன். அப்ப அதையும் காப்பாத்தணும்ல?

பதில்: குடும்பம் ஒன்றுதான், தீனி வேறு. ஒன்று சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்கிறது, மற்றது கத்தரியை.

உசிலம்பட்டி: எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்? மருந்தடிச்சா எல்லாம் போயிரும்.

திருமங்கலம்: எங்க தட்டைப்பயறுல அப்படித்தான் அடிச்சோம். அசுவினி முன்னைவிட அதிகமா வந்துச்சு.

பதில்: திருமங்கலம் தம்பி சொல்வதுதான் நடக்கும். அசுவினி வேகமாகப் பெருகும், பொறிவண்டால் அந்த வேகத்தில் திரும்பி வர முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பால்போல் வரும்வரை கலக்கி, துணியில் வடித்து, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையடி நனைய அடியுங்கள்.

அலங்காநல்லூர்: முட்டைய வச்சே கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாது. இரண்டும் மஞ்சள், நிமிர்ந்து கூட்டமாக நிற்கும். பக்கத்தில் அசுவினி இருந்தால் பொறிவண்டாக இருக்கலாம். அப்படியிருந்தால் கிள்ளாமல் புழு வரும்வரை பொறுங்கள்.

சமயநல்லூர்: செம்பருத்தியில மாவுப்பூச்சி ஓடுது!

பதில்: வெள்ளை மெழுகு இழைகளோடு வேகமாக ஓடினால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. தொடாதீர்கள்.

பேரையூர்: சிவப்பு வண்டு, கறுப்புப் புள்ளி, நல்லதா கெட்டதா?

பதில்: மேலூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இலையடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.