அயர்லாந்தின் காலரஸ் கல் சேப்பல் சிமெண்ட் இல்லாம எப்படி நிக்குது?

கேள்வில சொன்ன அந்தக் கட்டடம் கெர்ரி கவுண்டியில டிங்கிள் தீபகற்பத்துல இருக்கு, பேரு காலரஸ் ஆரட்டரி (ஆரட்டரின்னா சின்ன ஜெபக்கூடம்). படகைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

சூட்சுமம் அடுக்கின விதத்துலதான். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையை விட கொஞ்சம் உள்ள தள்ளி வச்சிருக்கான், அப்படியே ரெண்டு பக்கச் சுவரும் சாஞ்சு சாஞ்சு மேல போய் ஒண்ணா சேர்ந்துடுது, அதனால சுவர் எங்க முடியுது கூரை எங்க ஆரம்பிக்குதுன்னே பிரிச்சு சொல்ல முடியாது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, கல்லை வெளிப்பக்கமா லேசா சரிச்சு வச்சது. மழைத்தண்ணி உள்ள இறங்காம வெளிய வழிஞ்சுடும். அட்லாண்டிக் மழை எப்படி அடிக்கும்னு தெரிஞ்சவன் கட்டினது!

இதே டெக்னிக்ல கட்டின நியூகிரேஞ்ச் கல்லறை கி.மு. 3200 வாக்குல வந்தது, அதாவது கிறிஸ்தவம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அயர்லாந்துல தெரிஞ்ச வித்தை.

மேற்கே ஒரு சின்ன வாசல், கிழக்கே ஒரு குட்டி ஜன்னல், அவ்ளோதான். வாசலுக்கு மேல உள்பக்கம் ஓட்டை போட்ட ரெண்டு கல் நீட்டிட்டு இருக்கும், கதவு தொங்கவிட. ஜன்னல் வழியா வெளிய ஏறிப் போனா ஆன்மா சுத்தமாகும்னு ஒரு நம்பிக்கையும் உண்டு.

வயசுலதான் சண்டை. 6-9ஆம் நூற்றாண்டுன்னு பலர் சொல்வாங்க, பீட்டர் ஹார்பிசன்ங்கற ஆய்வாளர் 12ஆம் நூற்றாண்டா இருக்கலாம்னு வாதாடினார். இந்தக் கட்டடத்தைப் பத்தி எழுத்துல முதல்ல பதிவு பண்ணவர் சார்லஸ் ஸ்மித், 1756ல. கூரை முதுகு நடுவுல லேசா தொய்ஞ்சிருந்தாலும் இன்னும் நிக்குது, ஆனா பக்கத்துல கில்மால்கெடார்ல இதே டைப்ல ஒண்ணு கூரை இடிஞ்சு கிடக்கு.