ஆலோசனை அறை இருக்கிறது, மாணவர்கள்தான் வருவதில்லை

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியை. மாணவர் ஆலோசனை மையத்தின் ஒருங்கிணைப்புப் பொறுப்பையும் இந்த ஆண்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். வளாகத்தில் மூவாயிரத்துக்கு மேல் பிள்ளைகள். ஒரு கவுன்சலர் காலை 10 முதல் மாலை 4 வரை இருக்கிறார். போன செமஸ்டர் முழுக்க வந்தவர்கள் 11 பேர். அதில் 7 பேர் துறைத்தலைவர் அனுப்பியவர்கள். போஸ்டர் ஒட்டினோம், யோகா வகுப்பும் வைத்தோம். அறை நிர்வாகக் கட்டடத்தில், தேர்வுப் பிரிவுக்கு எதிரே இருக்கிறது. 'மனநல மையம்' என்ற பலகையை மாற்றினால் வருவார்களா?

பதில்: தேர்வுப் பிரிவுக்கு எதிரே என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குவோம். அரியர் கட்டணம் கட்ட வரிசையில் நிற்கும் ஐம்பது பேர் பார்க்க எந்தப் பிள்ளை அந்தக் கதவைத் தட்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வளாகத்தில் வாரம் ஒருநாள் போய் உட்கார்ந்து வந்தேன். அங்கேயும் இதே கதைதான். ஒரு மாணவர் வாசல் வரை வந்தார். மேசைமேல் நீள நோட்டு ஒன்று திறந்தே கிடந்தது: பெயர், பதிவெண், துறை, வந்த காரணம், கையெழுத்து. அவருக்கு முன்னால் வந்தவர்களின் பெயர்கள் மேலே வரிசையாக இருந்தன. கண் அந்த நோட்டில் ஒரு நொடி நின்றது. "சார், ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை.

பிள்ளைகளுக்குக் கூச்சம் உண்டுதான். அதைவிடப் பெரிது, 'இங்கே சொன்னால் எச்.ஓ.டி.க்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்குப் போன் போகும், பிளேஸ்மென்ட் வரை தொடரும்' என்ற பயம். துறைத்தலைவர் அனுப்பி வந்த அந்த 7 பேரைப் பார்த்த மற்றவர்களுக்கு உங்கள் அறை டிசிப்ளின் கமிட்டியின் கிளை மாதிரித்தான் தெரிந்திருக்கும். பயம் போகாமல் பலகையை மாற்றிப் பயனில்லை.

உங்கள் அறையிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். வருபவருக்கு ஓர் எண் போதும். எந்த எண் யாருடையது என்ற விவரம் கவுன்சலரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், உங்களிடம்கூட வேண்டாம். பதிவாளர் அலுவலகம் மாதக் கணக்குக் கேட்டால் எத்தனை பேர், எத்தனை அமர்வு என்று மட்டும் கொடுங்கள். பெயர் கேட்டால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவைக் காட்டலாம். சிகிச்சை தருபவர்களுக்கு ரகசியம் காப்பது அதில் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. அந்த விலக்கையும் முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்தால் துரோகமாகப் படும்.

அடுத்தது நேரம். 10 முதல் 4 வரை வகுப்பு நடக்கிறது. அறைக்கு வந்தால் அட்டெண்டன்ஸ் போகும், ஓ.டி. (வராத வகுப்புக்கும் வருகைப்பதிவு தரும் அனுமதி) கேட்டால் ட்யூட்டரிடம் காரணம் சொல்ல வேண்டும். கவுன்சலரை மதியம் 1 மணிக்கு வரச் சொல்லி மாலை 7 வரை வையுங்கள். இடத்தை நூலக மாடிக்கோ ஹாஸ்டல் பக்கமோ மாற்றுங்கள். எதற்காகப் போகிறார்கள் என்று யாரும் கேட்காத இடமாக இருப்பதுதான் முக்கியம்.

கவுன்சலரின் தகுதியையும் ஒருமுறை பாருங்கள். மூன்று நாள் பயிலரங்கச் சான்றிதழ் போதாது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிர்வாகத்திடம் பணம் கேட்கும்போது இது கைகொடுக்கும். மருந்து தேவைப்படுபவர்களுக்காக உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை நேரில் போய்ப் பார்த்துப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு இல்லை, ஹாஸ்டல் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

கவுன்சலர் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்துவிடாதீர்கள். இன்டர்னல் மார்க் போடும் கையிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். இதில் உங்கள் நல்ல மனசைக் குறை சொல்லவில்லை, அந்த உறவு அப்படி.

யாருக்கு என்ன ஆகிறது என்பது ஆசிரியர்களுக்கு முன்பே மெஸ் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். நாலு நாளாகச் சாப்பிட வராதவர் யார், தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனவர் யார் என்று அவருக்கு அத்துப்படி. வார்டன், வாட்ச்மேன், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் இப்படித்தான். ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி என்று அதே உச்ச நீதிமன்ற உத்தரவு சொல்கிறது. அதை ஆசிரியர்களோடு நிறுத்திவிடாதீர்கள். முதலாண்டின் முதல் இரண்டு மாதங்களிலும், ரிசல்ட் வரும் வாரத்திலும் இவர்கள் கண் கூடுதலாக இருக்கட்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து, முதல் நாளே ஆங்கிலத்தில் பாடம் ஓடுவதைக் கேட்டு மிரண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானாக எழுந்து உதவி கேட்காது.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதாப்பா?" என்றே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அப்பாடா என்றிருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாமல் கூடவே இருங்கள். 14416 டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவித் தொலைபேசி; 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். உடனடி ஆபத்து தெரிந்தால் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். "போலீஸ் கேஸ் ஆகிடுமே" என்று தயங்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது.

வீட்டுக்குச் சொல்வதில்தான் வளாகங்கள் அதிகம் சொதப்புகின்றன. மாணவருக்குத் தெரியாமல் அப்பாவுக்குப் போன், மறுநாள் காலை பெட்டி படுக்கையோடு ஊருக்கு. அப்படிச் செய்யாமல், "வீட்டில் யாரிடம் முதலில் சொல்லலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் சித்தியையோ தாய்மாமாவையோ அக்காவையோதான் சொல்வார்கள். அவர் மூலமாக வீட்டுக்குப் போகும் செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேரும். முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான் என்பதால் பெற்றோரைச் சேர்க்க வேண்டிய கட்டம் சீக்கிரமே வரும். அப்போதும் மாணவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

பெயர்ப்பலகையை மாற்றுங்கள், தப்பில்லை. 'மாணவர் நலன்' என்று இருந்தால் போதும். அதே அறையில் உதவித்தொகை விண்ணப்பம், ஹாஸ்டல் அறை மாற்றம், அரியர் படிப்புக் குழு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்காலர்ஷிப் படிவம் கேட்டு வருபவர், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "இன்னொரு விஷயம் மேடம்..." என்று இழுப்பார். அதற்காக ஒரு நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.