விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார்: முதலில் நெக்கைப் பாருங்கள்

கேள்வி: நான்கு வருஷமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் வாசிப்பு உண்டு. எலக்ட்ரிக் கிட்டார் வாங்க 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். மஹோகனி மரத்தில் செய்ததை வாங்கினால்தான் டோன் நன்றாக இருக்கும் என்கிறார் குழுவில் வாசிக்கும் ஓர் அண்ணன். கடையில் கேட்டால் கிட்டார், ஆம்ப், பை, வயர் எல்லாம் சேர்ந்த 'பேக்' ஒன்றைக் காட்டுகிறார்கள். எனக்குக் கை சின்னது. ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் இப்போதே விரல் வலிக்கிறது. எதை வாங்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

அன்புத் தங்கைக்கு,

மரத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வு மேல்பலகையை அசைக்கிறது, பலகை காற்றை அசைக்கிறது, காதுக்கு வருவது அந்தச் சத்தம். அங்கே மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் குழு அண்ணன் சொன்னது அதற்குப் பொருந்தும். எலக்ட்ரிக்கில் நடப்பது வேறு. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி வைத்தது. அதற்கு மேலே எஃகு ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் மாறி, அந்தச் சுற்றுகளில் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்புக்குப் போவது அந்த மின்சாரம்தான். நைலான் ஸ்ட்ரிங் போட்டால் அந்தப் பிக்கப்பில் ஒன்றும் வராது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் டோனைத் தீர்மானிப்பவை பிக்கப், ஆம்ப், உங்கள் விரல், இந்த மூன்றும்தான். மஹோகனி என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

காசு போக வேண்டிய இடம் நெக், அதாவது ஸ்ட்ரிங்கை அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி. பிக்கப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். முறுக்கிக்கொண்ட நெக்கையோ, ஏற்ற இறக்கமாக அடித்த ஃப்ரெட்டுகளையோ (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சரிசெய்யப் போனால் நிறையச் செலவாகும்.

விரல் வலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கை சின்னது என்பதால் வருவது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எஃப் பார் கார்டு பிடிக்கும்போது மட்டும் வலி அதிகமாக இருந்தால், பெரும்பாலும் காரணம் நட்டில்தான் இருக்கும். நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டில் காடி போதிய ஆழம் வெட்டப்படாவிட்டால், முதல் ஃப்ரெட்டில் அழுத்துவது பெரும்பாடு. உங்கள் அக்கூஸ்டிக்கையும் ஒருமுறை ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். அப்புறம், அக்கூஸ்டிக்கில் பொதுவாக 12 அளவு ஸ்ட்ரிங் இருக்கும், எலக்ட்ரிக்கில் 9 அளவு, அதாவது முதல் ஸ்ட்ரிங்கின் தடிமன் 0.009 அங்குலம். அது அவ்வளவு மென்மையாக இருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அக்கூஸ்டிக் பழகிய கை பழைய பலத்திலேயே அழுத்தும், சுருதி மேலே ஏறிவிடும், கிட்டார்தான் சரியில்லை என்று தோன்றும். கையை லேசாக்கப் பழகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள்.

கடையில் என்ன பார்ப்பது? முடிந்தால் மதுரைக்கோ சென்னைக்கோ நேரில் போய்ப் பாருங்கள். சென்னை அண்ணா சாலையில் இருக்கும், 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரியான கடையில் நாலைந்து மாடலை அடுத்தடுத்துக் கையில் பிடித்துப் பார்க்க முடிவதே பெரிய உதவி. கிட்டாரை எடுத்ததும் வயரைச் சொருகாதீர்கள். முதலில் நெக்கின் இரண்டு ஓரத்திலும் விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறினால் வேறு பீஸ் கேளுங்கள். அடுத்து, ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம்.

பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசியுங்கள். கரகரப்பு எங்கே வருகிறது என்று வயர் இல்லாமல்தான் தெளிவாகக் கேட்கும். முதல் ஸ்ட்ரிங்கைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்தாவது ஃப்ரெட் வரை நன்றாக இழுத்து வளையுங்கள். பாதியிலேயே ஸ்வரம் செத்துப்போனால் ஃப்ரெட் சமமாக இல்லை, அல்லது ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம்) மிகத் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது ஸ்ட்ரிங்கைப் பலமாக நாலைந்து முறை வளைத்துவிட்டு டியூனரில் பாருங்கள், பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். டியூன் செய்யும்போது நட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தால் ஸ்ட்ரிங் காடியில் மாட்டிக்கொள்கிறது. அதைச் சின்ன வேலையில் சரிசெய்துவிடலாம், அதற்காக நல்ல நெக்கை விட்டுவிட வேண்டாம். கடைசியில்தான் ஆம்ப். வால்யூம் நாப், டோன் நாப், சுவிட்ச் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து, வயர் சொருகும் இடத்தையும் அசைத்துப் பாருங்கள்.

நேரில் போக முடியாமல் ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் வசதி உள்ள கடையிலேயே வாங்கி, பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து, அன்றைக்கே மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்.

இனி மாடல். உங்கள் கைக்கு நான் முதலில் சொல்வது ஸ்குவையர் சோனிக் மஸ்டாங் எச்எச். ஸ்குவையர், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்ட். மஸ்டாங், 1964-ல் ஃபெண்டர் மாணவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த வடிவம். நட்டிலிருந்து, கிட்டாரின் உடம்பில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்கின் நீளம் 24 அங்குலம்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 25.5, கிப்ஸனின் லெஸ் பாலில் சுமார் 24.75. நீளம் குறையும்போது ஃப்ரெட்டுகள் நெருங்கி வருகின்றன, அதே சுருதிக்கு ஸ்ட்ரிங்கின் இறுக்கமும் குறைகிறது. சின்னக் கைக்கு இரண்டும் லாபம். போதாததற்கு இதன் பிரிட்ஜ் அசையாதது. ஆட்டுகிற கைப்பிடி வைத்த பிரிட்ஜ் விலை குறைந்த கிட்டாரில் சுருதியைக் கெடுக்கும், சர்ச்சில் பாட்டு நடுவே ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் மற்ற ஐந்தும் விலகும்.

எச்எச் என்பது இரண்டு ஹம்பக்கர் பிக்கப். உங்களுக்கு அதைச் சொல்வதற்குக் காரணம் சர்ச் வயரிங். ஒற்றைச் சுருள் பிக்கப், இனிமையாக ஒலித்தாலும், சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் நின்றால் 'ங்ங்' என்ற சத்தம் தெளிவாகவே கேட்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து அந்த இரைச்சலைக் கழித்துவிடும். கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் 1955-ல் வடிவமைத்தது அது.

மஸ்டாங் கிடைக்காவிட்டால் யமஹா பசிஃபிகா 012. நெக் நீளமானது, ஆனால் பிடிக்க வசதியானது. தரம் பீஸுக்குப் பீஸ் அதிகம் மாறாது என்பதால் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள். ஆடும் பிரிட்ஜ்தான், பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கி உடம்போடு ஒட்டி உட்கார வைத்துவிட்டால் போதும். ஐபனீஸின் ஜிஆர்எக்ஸ் வகையின் மெல்லிய நெக் உங்களுக்குப் பிடிக்கலாம், அதையும் ஒருமுறை கையில் பிடித்துப் பாருங்கள்.

'பேக்' வேண்டாம். அதில் கிட்டாரின் தரத்தைக் குறைத்துத்தான் ஆம்புக்கு இடம் கொடுத்திருப்பார்கள். அந்தச் சின்ன ஆம்பும் சர்ச்சில் உதவாது. நீங்கள் அங்கே சவுண்ட் மிக்ஸரில்தானே சொருகப்போகிறீர்கள்? எலக்ட்ரிக் கிட்டாரை நேராக மிக்ஸரில் கொடுத்தால் டோன் வறண்டு, கீச்சென்று வரும். கிட்டார் ஸ்பீக்கர் உச்சத்தில் இருக்கும் கூர்மையை வெட்டிவிடுவதால்தான் நமக்குப் பழகிய அந்தச் சத்தம் கிடைக்கிறது. மிக்ஸர் அதைச் செய்யாது. அந்த வேலையைச் செய்யும் ஆம்ப் மாடலிங் (ஆம்ப், ஸ்பீக்கரின் சத்தத்தைப் போலச் செய்வது) உள்ள சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஜூம் ஜி1 ஃபோர் போதும். வீட்டில் ஹெட்போன் மாட்டிப் பயிற்சி செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை அதையே எடுத்துப்போய் மிக்ஸரில் கொடுக்கலாம். நாலு பென்சில் பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போனாலும் கவலை இல்லை.

கணக்கு சுமாராக இப்படி வரும்: கிட்டாருக்கு 19,000, எஃபெக்ட்ஸுக்கு 8,000. மீதி 3,000-ஐ வேறெதற்கும் தொடாதீர்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறும், கொஞ்சம் கூடினால் கிட்டாரின் கலரில் விட்டுக்கொடுங்கள், இந்த மூவாயிரத்தில் வேண்டாம். ஒரு நல்ல வயர், இரண்டு செட் ஸ்ட்ரிங், முக்கியமாக செட்டப். விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நட் காடியை ஆழப்படுத்தி, பதினேழாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் 1.6 மில்லிமீட்டர் பக்கம் வரச் செய்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேர்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கிட்டாரும் செட்டப் முடிந்த அதே கிட்டாரும் கையில் இரண்டு வேறு கிட்டார்களாகத் தெரியும். சின்னக் கைக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிரிட்ஜில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்களும்தான். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் மேலும் கீழும் துடைத்துவிட்டு, பைக்குள் போட்டு ஜிப்பை மூடி வையுங்கள். அந்த ஸ்க்ரூக்களை மாதம் ஒருமுறை ஆலன் கீயால் கால் சுற்றுத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். துருவில் இறுகிவிட்டால் பிறகு ஆக்ஷனைக் குறைப்பது ரிப்பேர்காரருக்கும் பெரும்பாடு.