ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள், 60 நாள் கெடு ஓடுகிறது

கேள்வி: மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். கடைசிச் சம்பளம் 3,000 ரிங்கிட். பொருள் காணாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று, விசாரணையே வைக்காமல் வேலை நீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை. இப்போது, ராஜினாமா கடிதம் கொடுத்தால் ஒரு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்கிறார்கள். எவ்வளவு இழப்பீடு கிடைக்கும்?

பதில்: முதலில், அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். இப்போதைய நிலையில், நீக்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும்.

1967ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, நீக்கப்பட்ட 60 நாள்களுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். நிர்வாகத்திடம் செய்த மேல்முறையீடு இந்தக் கெடுவை நிறுத்திவைக்காது. பதில் வரும் என்று காத்திருந்து 61ஆம் நாள் போய் நின்றால், எவ்வளவு நல்ல வழக்கானாலும் இலாகா ஏற்காது. உங்களுக்கு அந்த 60 நாளில் பாதி போய்விட்டது. இந்த வாரமே போங்கள். மனுவில் மீண்டும் வேலையில் அமர்த்தும்படி கேளுங்கள். அந்தப் பிரிவு தரும் உரிமை அதுதான். வெறும் பணம் கேட்டு எழுதினால் மனு பலவீனமாகிவிடும்.

இலாகா இருதரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது. தீராவிட்டால் விவகாரம் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும்.

வென்றால், நிரந்தரப் பணியாளருக்குப் பின்சம்பளம், அதாவது நீக்கப்பட்டதால் இழந்த சம்பளம், அதிகபட்சம் 24 மாதம் (தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம்). உங்களுக்கு அது 72,000 ரிங்கிட். வேலையைத் திருப்பித் தருவது சரிவராது என்று நீதிமன்றம் கருதினால், வழக்கமாக வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதாவது 18,000 ரிங்கிட் சேரும். மொத்தம் 90,000 என்பது உச்சவரம்பு மட்டுமே. இடையில் வேறு வேலையில் சம்பாதித்திருந்தாலோ, உங்கள் பக்கமும் தவறு இருந்தாலோ குறைப்பார்கள். அதற்குப் பயந்து வேலை தேடாமல் இருக்காதீர்கள்.

விசாரணை வைக்காதது நிறுவனத்தின் குறைதான். ஆனாலும் நீதிமன்றம் சாட்சியங்களைப் புதிதாகக் கேட்கும். குற்றம் அங்கே நிரூபணமானால் அந்தக் குறை மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே அன்றைய ஷிப்ட் அட்டவணை, வருகைப் பதிவு, மேலாளரின் வாட்ஸ்அப் செய்திகள், சம்பளச் சீட்டுகள், நீக்கக் கடிதம் அனைத்தையும் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள்.