முழங்கால் வலியோடு ஆபீசுக்கு சைக்கிளில் போகலாமா?

கேள்வி: வயது 46. ஆபீஸ் 6 கிலோமீட்டர் தூரம். பைக்கை விட்டுவிட்டு சைக்கிளில் போக ஆசை. ஆனால் மாடி ஏறும்போது முழங்கால் லேசாக வலிக்கிறது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புகை, விபத்து என்று வீட்டிலும் பயப்படுகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள். 6 கிலோமீட்டரை நிதானமாக மிதித்தாலே அரை மணிக்குள் போய்விடலாம். போக வர என்று வாரத்தில் மூன்று நாள் போனாலே, உலக சுகாதார நிறுவனம் கேட்கிற 150 நிமிட உடற்பயிற்சி ஏறக்குறைய முடிந்துவிடும், அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

முழங்காலுக்கு வருவோம். சைக்கிளில் உடம்பின் எடையைப் பெரும்பாலும் சீட் தாங்கிக்கொள்வதால், ஓடுவதைவிட மூட்டுக்கு இது எவ்வளவோ மேல். வலி வருவது பெரும்பாலும் சீட் உயரத்தால்தான். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும் என்று பலர் சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள், அப்போது ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிவரை இறக்கி, குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடிப்பு மட்டும் இருக்கும். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள், கனமான கியரில் அழுத்தி மிதிக்க வேண்டாம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் இவற்றில் ஏதாவது இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதனால் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடக்கும்போதே நெஞ்சு அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் டாக்டரைப் பார்த்து இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், சைக்கிள் அப்புறம்தான்.

புகை பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டதில், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 100 மைக்ரோகிராம் இருக்கிற மோசமான நகரத்தில்கூட, தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதித்தால்தான் கெடுதல் நன்மையை மிஞ்சுகிறது. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. முடிந்தவரை உள்தெருக்களில் போங்கள்.

விபத்து விஷயத்தில் வீட்டில் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஹெல்மெட்டும், முன்னும் பின்னும் விளக்கும் கட்டாயம். சிக்னலில் பஸ், லாரிக்குப் பக்கவாட்டில் ஒட்டி நிற்காதீர்கள், திரும்பும்போது டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நிறுத்தியிருக்கும் காரை ஒட்டியும் போகாதீர்கள், கதவு திறந்தால் அவ்வளவுதான். இன்னொன்று, தனிப் பாதை போட்டுத் தராமல் மக்களை சைக்கிள் ஓட்டச் சொல்வது அரைகுறை வேலை என்று ஒரு டாக்டராகவே நினைக்கிறேன். அதைக் கேட்டு வாங்கக் கூட்டமும் வேண்டும். சைக்கிள் ஓட்டுபவர்கள் இரட்டிப்பானால் ஒவ்வொருவருக்கும் உள்ள விபத்து ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2003-இல் ஒரு ஆய்வு காட்டியது. அதனால் ஆபீசில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, சைக்கிள் நிறுத்த இடமும் உடை மாற்ற ஒரு அறையும் கேளுங்கள்.

முதலில் ஒரு விடுமுறை நாளில் அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். முழங்கால் வீங்கினாலோ, மறுநாளும் வலி குறையாவிட்டாலோ நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.